கண்ணாடியில் ஏழு பேர்

யாழ்ப்பாணத்தில் நான் கணிதம் படிப்பித்தவள். லண்டனுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு தேவாலயத்தைக் கூட்டித் துடைப்பது. எண்பதுகளின் கடைசி அது. மிச்சம் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. வேலை செய்யலாம், நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. இப்படி எத்தனை வருடம் இருக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம்.

தேவாலயம் எங்கள் அறையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரம். ஒரு காலத்தில் அந்த இடம் தனிக் கிராமமாம். பிறகு லண்டன் வளர்ந்து வந்து அதைச் சுற்றிவிட்டது. ஆனாலும் அங்கே பிறந்தவர்கள் அந்தக் கடைத்தெருவை இன்னமும் ‘வில்லேஜ்’ என்றுதான் சொன்னார்கள். நான் செவ்வாயும் வியாழனும் போவேன். சனம் உட்காரும் நீள வாங்குகளைத் துடைத்து, முழங்காலிடும் சின்ன மெத்தைகளைத் தட்டிப் போட்டு, பித்தளைச் சாமான்களை மினுக்கவேண்டும். முதல்நாள் பாதிரியாரிடம் செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்டேன். தேவையில்லை, தரை குளிரும் என்றார். என்றாலும் பலிபீடத்துக்குக் கிட்டப் போகும்போது மட்டும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு சோடிக் காலுறையோடு நின்றுதான் துடைத்தேன். சைவக்காரிக்கு அது மாறவில்லை.

தெற்குச் சுவரில் ஒரு வண்ணக் கண்ணாடி யன்னல் இருந்தது. மேலே சிறகு விரித்த ஒரு சம்மனசு. நடுவில் விமானிகளின் செம்மறித்தோல் சட்டை போட்ட இளைஞன் ஒருவன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றான். கீழே இடது மூலையில் உள்ளங்கை அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு விமானம். அதற்குப் பக்கத்தில் ஏழு பெயர்கள். இரண்டாம் உலகப்போரில் ஒரே விமானத்தில் போய் ஒரே இரவில் திரும்பாமல் போனவர்கள் என்று பாதிரியார் சொன்னார். விமானம் என்று பார்த்தேனே தவிர, அது என்ன விமானம் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் பூ வைக்க ஒரு ஆங்கிலேயப் பெண்மணி வருவார். அறுபதைத் தாண்டியவர், மணமாகாதவர், தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த ஏழு பெயரில் கடைசிப் பெயர் அவருடைய அண்ணனுடையது. விமானத்தின் வால்பக்கத்தில் துப்பாக்கியோடு தனியே இருந்தவன். இருபது வயது. தங்கைக்கு அப்போது பதினாறு.

அவர்தான் என்னோடு பேச்சைத் தொடங்கினார். பூத்தண்டை எப்படிச் சரித்து வெட்டுவது, பூக் குத்தும் பச்சைப் பஞ்சுக்கட்டியை எவ்வளவு நேரம் நீரில் ஊறவிடுவது என்றெல்லாம் காட்டித் தருவார். வேலை முடிந்ததும் மண்டபத்துச் சமையலறையில் இருவரும் தேநீர் குடிப்போம். என்னை ஒரு துப்புரவுக்காரியாக அவர் ஒருநாளும் நடத்தியதில்லை. நான் ஆசிரியை என்று தெரிந்த பிறகு, தன் மின்சாரக் கட்டணக் கடிதத்தைக்கூடக் கொண்டுவந்து, “இந்தக் கணக்கு சரியா, பாருங்கள்” என்று கேட்பார். அந்த நாட்டில் என் படிப்பை யாராவது பயன்படுத்தினார்கள் என்றால் அவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரில் மறுபடியும் சண்டை மூண்டது. தொலைபேசி அறுந்தது, மின்சாரம் அறுந்தது. கடிதங்கள் கொழும்பு வழியாக இரண்டு மாதம் சுற்றி வந்தன. அம்மாவும் தம்பியும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். அப்பா முன்பே இறந்துவிட்டார். தம்பி முற்றத்தில் பதுங்க ஒரு பங்கர் வெட்டியிருப்பதாக எழுதியிருந்தான். பொம்பர், அதுதான் குண்டுவிமானம், வரும் நேரத்தில் அம்மாவைப் பங்கருக்குள் இறக்குவதுதான் பெரிய பாடு, பாம்பு கிடக்கும் என்று சொல்லி வெளியிலேயே நிற்கிறா, பொம்பரைவிடப் பாம்புக்குத்தான் பயப்படுகிறா என்று எழுதியிருந்தான். கணவரும் நானும் அதை வாசித்துச் சிரித்தோம். அந்தக் கடிதம் எங்கள் கையில் வந்தபோது அவன் உயிரோடு இல்லை. எங்களுக்கு அது தெரியாது.

செய்தி கொழும்பிலிருந்த ஒன்றுவிட்ட அண்ணையிடமிருந்து வந்தது. வியாழன் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம். கூட்டுறவுச் சங்கக்கடையில் தம்பி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது பொம்பர் வந்ததாம். எல்லாரும் வீதியில் படுத்தார்களாம். “பதினொரு நாளாச்சுது தங்கச்சி. எல்லாம் அங்கேயே செய்து முடிச்சிட்டினம். அம்மா இருக்கிறா. நீ ஒண்டும் யோசியாதை” என்றார். அதற்குள் இணைப்பு இரைந்து அறுந்துவிட்டது.

கணவர் அன்று ஷிப்டுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் வேலை போய்விடும் நிலைமை. என் முன்னால் வந்து நின்றார். “நான் நிக்கட்டோ?” என்று கேட்டார்.

“நிண்டு என்ன செய்யப்போறியள்?”

“அதுதானே. நானும் அதைத்தான் யோசிக்கிறன்” என்றார்.

அவர் போன பிறகு அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை. வேறு போக இடமும் இல்லை. பஸ் எடுத்து வேலைக்குப் போனேன். வாங்குகளை எல்லாம் துடைத்தேன். துடைத்தவற்றையே திரும்பவும் துடைத்திருக்கவேண்டும், ஏனென்றால் பெண்மணி வந்து என் கையிலிருந்த துணியை மெதுவாக வாங்கி வைத்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் இன்று என் நினைவில் இருப்பது தமிழில்தான்.

“என்ன நடந்தது?”

“என் தம்பி செத்துப்போனான்.”

“எப்படி?”

“குண்டு.”

அந்த நாட்களில் லண்டனில் குப்பைத்தொட்டிகளையெல்லாம் ஐரிஷ் இயக்கத்தின் குண்டுக்குப் பயந்து அகற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த மாதிரி நினைத்தார் போலும். “எங்கே வைத்திருந்தார்கள்?” என்று கேட்டார்.

“வைக்கவில்லை. மேலிருந்து போட்டது. விமானத்திலிருந்து.”

அவருக்குப் பின்னால் யன்னல் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். அந்த உள்ளங்கை அளவு விமானத்தின் இரு சிறகுகளிலுமாக நாலு சுழலிகள் தெரிந்தன. அப்போதுதான் எனக்கு அது பொம்பர் என்று உறைத்தது. இத்தனை நாளும் அதைத் துடைத்திருக்கிறேன். ஒரு தடவை, சிலந்திவலை பிடித்திருக்கிறதென்று ஏணி வைத்து ஏறி, என் கைலேஞ்சியால்கூடத் துடைத்திருக்கிறேன்.

அவர் என்னை முன்வாங்கில் இருத்தி, பக்கத்தில் இருந்துகொண்டு, தன் வீட்டுக்குத் தந்தி வந்த காலையைச் சொன்னார். தாய் அதை வாங்கி மடித்து ஏப்ரனுக்குள் வைத்துவிட்டு, அடுப்பில் வைத்த கஞ்சி அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போனாராம். உடல் கிடைக்கவில்லை. கடலில் விழுந்திருக்கலாம் என்றார்களாம். “என் அம்மா பிறகு ஒருநாளும் கடற்கரைக்குப் போனதில்லை” என்றார். தன்னிடமிருந்த துக்கத்தை எடுத்து எனக்கு ஆறுதலாகத் தருகிறார் என்று விளங்கியது. உங்கள் அண்ணன் அன்றைக்கு எங்கே குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான் என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. அவர் என் கையைப் பிடித்திருந்தார். கேட்கவில்லை.

நவம்பர் மாதம் வந்தது. போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறுக்கு அந்தத் தேவாலயத்தில் யன்னலுக்கு முன்னால் நின்று ஏழு பெயரையும் வாசிப்பார்கள். அதற்கு முதல் செவ்வாய் பாதிரியார் என்னைத் தேடி மண்டபத்துக்கு வந்தார். பெண்மணி தன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார் என்றார். ஏழு பெயருக்குப் பிறகு என் தம்பியின் பெயரையும் வாசிக்கவேண்டுமாம். “உங்களுக்குச் சம்மதமா?”

நான் “தாங்க்யூ” என்றேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் எனக்கு யோசிக்காமலே வரும். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சோற்றுக் கோப்பையோடு இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பொம்பர் ஓடினவையின்ரை பேரோடையோ? உம்மடை தம்பியின்ரை பேரையோ?”

“ஓம்.”

“அதுக்கு நீர் என்ன சொன்னனீர்?”

“தாங்க்யூ எண்டு சொன்னனான்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். தம்பிக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர்தான்.

“வேண்டாம் எண்டு போய்ச் சொல்லுமன்” என்றார், கொஞ்ச நேரம் கழித்து.

“அந்த மனுசி எவ்வளவு யோசிச்சுக் கேட்டிருக்கிறா. எப்பிடிப்பா போய் வேண்டாம் எண்டுறது?”

“அப்ப விடும்” என்றார்.

ஞாயிறன்று தேவாலயத்தின் கடைசி வாங்கில் நின்றோம். எல்லார் சட்டையிலும் சிவப்புக் காகிதப்பூ. பெண்மணி எங்களுக்கும் இரண்டு கொண்டுவந்து தானே குத்திவிட்டார். பாதிரியார் ஏழு பெயரையும் வாசித்தார். முதல்நாளே என்னை மூன்று தரம் சொல்லவைத்து, தம்பியின் பெயரை ஆங்கில எழுத்தில் பிரித்துப் பிரித்து எழுதி வைத்திருந்தார் பாவம். என்றாலும் அவர் வாயில் அது வேறொருவனின் பெயராக வந்தது. நான் காத்துக்கொண்டு நின்றதால்தான் அது அவன் என்று தெரிந்தது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “வாசிச்சிட்டாரோ?” என்று கேட்டார்.

அதன்பிறகு இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடமும் மண்ணெண்ணெய்க் கான் என்ன நிறமாக இருந்திருக்கும் என்றுதான் நான் யோசித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் நீலக் கான் ஒன்றும் மஞ்சள் கான் ஒன்றும் இருந்தன.

மண்டபத்தில் தேநீர் கொடுத்தபோது பதக்கங்கள் குத்திய முதியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். கடைசியாக வாசித்த பெயர் யாருடையது என்று கேட்டார். என் தம்பி என்றேன்.

“இந்திய விமானப்படையா? எங்களோடும் இந்தியப் பையன்கள் பறந்தார்கள். எந்தப் படையணி?”

பெண்மணி ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் முதியவர் என் கையை இரு கைகளாலும் பிடித்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “துணிந்த பையன்கள்” என்றார். அவன் விமானத்தில் ஏறியதே இல்லை, எண்ணெய் வாங்கப் போனவன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். பெண்மணி வெளிறிப்போய் நின்றார். அடுத்த வியாழன் அவர் பூ வைக்க வரவில்லை. அதற்கடுத்த வியாழன் வந்து, “நான் நன்றாக யோசித்திருக்கவேண்டும், மன்னியுங்கள்” என்று மட்டும் சொன்னார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதில்லை.

எங்களுக்கு விசா கிடைத்து, மகள் பிறந்து, மிச்சத்திலேயே சிறு வீடொன்று வாங்கிய பிறகும் நான் அந்த வேலையை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை கிடைத்தபோது செவ்வாயை விட்டுவிட்டு வியாழன் பின்னேரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குள் ஊரில் சனமெல்லாம் ஒரே நாளில் இடம்பெயர்ந்து போனது. அம்மாவைப் பற்றி நாலு மாதம் ஒரு செய்தியும் இல்லை. விம்பிள்டன் கோயிலுக்குப் போனால் ஊரிலிருந்து கடிதம் வந்தவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அதில் நானும் நிற்பேன். கடைசியில் அம்மா வவுனியாவில் ஒரு முகாமில் இருந்து கொழும்புக்கு வந்து, ஏழெட்டு மாத அலைச்சலுக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் நான் அவரை அடையாளம் காணவில்லை. அவர்தான் என்னைக் கண்டு “பிள்ளை” என்று கூப்பிட்டார்.

வீட்டில் தனியே இருக்கப் பயந்ததால் அம்மாவையும் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகவேண்டி வந்தது. பெண்மணிக்கு இதைவிடச் சந்தோசம் இல்லை. அம்மாவுக்காக ஒரு கேக் செய்து கொண்டுவந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தத்தம் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார்கள். பெண்மணி யன்னலைக் காட்டி, “என் அண்ணன் என்று சொல்லுங்கள்” என்றார். சொன்னேன்.

அம்மா அந்தக் கண்ணாடி இளைஞனின் முகத்தை அண்ணாந்து பார்த்தார். “வடிவான பிள்ளை. இவனும் சண்டையிலையோ?”

“ஓம் அம்மா.”

“பொம்பராலையோ?”

“ஓம். பொம்பரிலைதான்.”

ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அம்மா கவனிக்கவில்லை. பெண்மணியின் தோளைத் தடவி, “எனக்கும் அப்பிடித்தான் அம்மா. என்ரை பிள்ளையும் அப்பிடித்தான்” என்றார். பெண்மணி என்னைப் பார்த்தார். “உங்கள் துக்கம் தனக்குத் தெரியும் என்கிறா” என்று மொழிபெயர்த்தேன். அவர் அழுதார். அம்மாவும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை; இரண்டு பேருக்கும் நடுவில் வாளியோடு நின்றேன்.

அம்மா வரத் தொடங்கிய மூன்றாவது வியாழன் நல்ல வெயில். பெண்மணி வர முன்பு அம்மா யன்னலுக்குக் கிட்டப் போய் நின்றார். வெயில் கண்ணாடியில் பட்டு விமானம் இருந்த மூலை துலங்கியது. எங்கள் ஊர்ச் சனத்துக்குப் பொம்பரின் உருவத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அம்மா பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். வாங்கில் கிடந்த தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய் பஸ் தரிப்பில் நின்றார். நான் பின்னால் ஓடினேன்.

“அம்மா, அவவிலை பிழை இல்லை. அவ அப்ப சின்னப்பிள்ளை.”

“நான் ஆரையும் பிழை சொன்னனானோ? என்னை வீட்டை கொண்டுபோய் விடு” என்றார்.

அதன்பிறகு அம்மா அந்தப் பக்கம் வரவில்லை. பெண்மணி கேட்டபோது அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். அது வேறு வினையாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு வலித்தைலம் தந்துவிட்டார். பிறகு ஒரு வாழ்த்து அட்டை. பிறகு இரண்டு மாதமாகத் தன் கையாலேயே பின்னிய ஒரு கம்பளிப் போர்வை, முழங்காலுக்குப் போட. அதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. கொண்டுபோனேன். அம்மா கதிரையில் இருந்து அதைப் பிரித்துப் பார்த்தார். மறுநாள் குளிர் கூடியது. அம்மா அதை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் பெண்மணி கடற்கரை ஊரிலிருக்கும் ஒன்றுவிட்ட சகோதரியின் மகளிடம் போய்விடுவதென்று முடிவாயிற்று. வீட்டைத் தனியே பார்க்க ஏலாமல் போய்விட்டது. போக முன்பு அம்மாவைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டுமென்றார். நான் எத்தனையோ சாட்டுச் சொல்லியும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தடியூன்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அம்மா அவரை வரவேற்று இருத்தினார். தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொடுத்தார். போர்வை அம்மாவின் கதிரையில் கிடந்ததைக் கண்டு பெண்மணியின் முகம் மலர்ந்தது. மகளின் படிப்பு, கடற்கரை ஊரின் காற்று என்று நான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் போயிற்று. கிளம்பும் நேரத்தில் அம்மா என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

“இவவின்ரை தமையன் எந்த ஊரிலை போட்டவன் எண்டு கேள்.”

நான் பணியாரத் தட்டைப் பெண்மணியின் பக்கம் நகர்த்தினேன்.

“கேள் பிள்ளை. அந்த ஊருக்கு ஒரு பேர் இருக்குமெல்லோ.”

பெண்மணி அம்மாவையும் என்னையும் ஆவலாகப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

அவருக்கு எழுபதுக்கு மேல். அடுத்த வாரம் போகப்போகிறார். அவருக்கு அந்த ஊரின் பெயர் தெரியுமோ, தெரிந்தும் இத்தனை வருடம் எங்கேயோ மடித்து வைத்திருக்கிறாரோ, எனக்குத் தெரியாது.

“இன்னொரு கப் தேநீர் குடிக்கச் சொல்கிறா” என்றேன்.

“ஓ, சந்தோசமாக” என்று சொல்லி, அவர் தன் கோப்பையை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா அந்த நீட்டிய கோப்பையைப் பார்த்தார். நான் எதைக் கேட்டேன், எதைக் கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கோப்பையை இரு கையாலும் கொடுத்தார். பெண்மணி அதைக் குடித்து முடிக்கும்வரை அம்மா கிட்டவே நின்றார்.